எனக்கே இவ்வளவுன்னா

“முடிஞ்சுதா?” என்று சுவரைப் பார்த்துக்கொண்டே கேட்டார் தச்சர்.

“இன்னும் ஆரம்பிக்கவே இல்லை. விரலை நீட்டுங்க முதல்ல.”

“நீட்டித்தானே இருக்கேன்.”

“இதுவா நீட்டறது? யாரோ பிடுங்கிட்டு ஓடப் போற மாதிரி மடக்கி வெச்சிருக்கீங்க.”

ஞாயிற்றுக்கிழமை காலை. மகள் பார்சலில் அனுப்பியிருந்த கொலஸ்ட்ரால் பார்க்கும் மெஷின் சமையலறை மேஜைமேல் இருந்தது. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். பக்கத்தில் ஸ்ட்ரிப் டப்பா, பேனா மாதிரி ஒரு குத்தூசி, கொஞ்சம் பஞ்சு. மகள் வேறு ஊரில் வேலை பார்க்கிறாள். அவளுடைய மாமனார் போன மாதம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் அவரைக் காப்பாற்றிவிட்டார்கள். அன்றிலிருந்து மகளுக்குத் தன் அப்பாவின் தொப்பைதான் கண்முன் நின்றது. “டாக்டர்கிட்டப் போங்கன்னா போக மாட்டீங்க. அதனால மெஷினையே அனுப்பறேன். ஒரு சொட்டு ரத்தம், அவ்வளவுதான். நான் போன் பண்ணும்போது நம்பரைக் காட்டணும்” என்று சொல்லிவிட்டாள்.

தச்சருக்கு ரம்பத்தைக் கண்டு பயமில்லை, உளியைக் கண்டு பயமில்லை. ஒருமுறை கட்டைவிரல் ஓரத்தைச் சீவிக்கொண்டு, அதில் துணியைச் சுற்றிக்கொண்டு, மாட்ட வேண்டிய கதவை மாட்டி முடித்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தார். ஆனால் ஊசி என்றால் முகம் சுண்ணாம்பாகிவிடும். தானாகப் படுகிற காயம் வேறு, ஒருத்தர் பார்த்துக் குத்துவது வேறு என்பது அவர் கட்சி.

குத்தூசியை அவர் விரல் நுனியில் வைத்து அழுத்தினாள் அவர் மனைவி குச்சியக்கா. டிக் என்றது.

“அம்மாடி!”

“கத்தாதீங்க. ரத்தமே வரலை.”

“வந்திருக்கும், நல்லாப் பாரு.”

“எங்க வந்துது? பிளைவுட்டும் பசையும் பிடிச்சுப் பிடிச்சு விரலெல்லாம் குளம்பு மாதிரி காய்ச்சுக் கிடக்கு. இதுக்கு ஊசி போதாது, உங்க ட்ரில்லைத்தான் எடுக்கணும்.”

குச்சியக்கா என்ற பெயர் சலவைக்கூடத்துப் பெண்கள் வைத்தது. தங்கும் விடுதிகளிலிருந்து வரும் படுக்கை விரிப்புகளை நீராவி இஸ்திரிக்குக் கொடுத்து, வாங்கி, மடிக்கிற வேலை அவளுக்கு. அவள் விரிப்பைப் பிடித்துக்கொண்டு நின்றால் பின்னால் ஆள் இருப்பதே தெரியாது என்பார்கள். வீட்டில் கணவர் வாயிலும் அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது. கொஞ்சும்போது மட்டும் ‘நிலாக்கண்ணி’ என்பார். அது அவள் பிறந்த வீட்டுச் சொல். கருவிழியைச் சுற்றி நிலாவுக்கு வட்டம் கட்டினதுபோல ஒரு வெள்ளை வளையம், முப்பது தாண்டினால் அந்த வீட்டில் எல்லாருக்கும் வந்துவிடும். அம்மாவுக்கு இருந்தது. அண்ணனுக்கு இருந்தது. அவளுக்கும் வந்தபோது, பிறந்த வீட்டுச் சீதனம் தாமதமாக வந்து சேர்ந்ததாகத்தான் சந்தோஷப்பட்டாள்.

இரண்டாவது முறை குத்தியதில் ஏதோ சிவப்பாகக் கசிந்தது. ஸ்ட்ரிப்பில் தொட்டால், போதாது என்று மெஷின் கத்தியது. ஒரு ஸ்ட்ரிப் வீண். இன்னொன்றும் அப்படியே போயிற்று. தச்சரின் நெற்றியில் வியர்வை முத்து முத்தாக நின்றது.

“போதும் குச்சி, தலை சுத்துது.”

“சுவரைப் பாருங்க. திரும்பாதீங்க. இதோ ஆச்சு.”

மகள் எந்த நிமிஷமும் அழைத்துவிடுவாள். நம்பர் இல்லையென்றால், இருக்கிற வேலையைப் போட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில் வந்து நிற்பாள். குச்சியக்கா புது ஊசி மாற்றி, முதுகைத் திருப்பிக்கொண்டு தன் விரலில் குத்திக்கொண்டாள். நீராவியில் ஊறி ஊறி மெத்தென்று ஆகிவிட்ட விரல். ரத்தம் குன்றிமணியாக எழும்பி நின்றது. யார் ரத்தமாக இருந்தால் என்ன? ஒரே சட்டி, ஒரே எண்ணெய், ஒரே உப்பு. அவர் உடம்பில் இருப்பதுதானே இவள் உடம்பிலும் இருக்கும்?

மெஷின் கொஞ்ச நேரம் யோசித்தது. பிறகு சொன்னது.

“என்ன வந்துது?”

“முந்நூத்திப் பத்து.”

“எத்தனைக்கு?”

“இருநூறுக்குள்ள இருக்கணுமாம்.”

“அப்ப கேட்டதைவிட ஜாஸ்தியாவே வாங்கியிருக்கேன்” என்று சிரித்தார் தச்சர், இன்னும் சுவரைப் பார்த்தபடியே.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் சாப்பிடுவதில் பாதிகூட அவள் சாப்பிடுவதில்லை. பொரித்த உருளைக்கிழங்கை அவர் தட்டில் குவித்துவிட்டு, அடியில் உதிர்ந்ததை வழித்துச் சாப்பிடுகிறவள். முட்டை அவருக்கு, வறுத்த மீனின் நடுத்துண்டு அவருக்கு. தொப்பையும் அவருக்கு. ‘எனக்கே இவ்வளவுன்னா, இந்த மனுஷனுக்கு எவ்வளவு இருக்கும்?’

அந்த ஒரு நினைப்பு அன்றைக்கு அவள் வயிற்றுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. தன் ரத்தத்தைப் பற்றிய நினைப்பே அல்ல அது. அவள் விரலில் வந்த எண், அவர் எண்ணுக்கு வாசல்படி. உள்ளே எத்தனை ஆழம் என்பதுதான் அவள் பயம்.

போன் அடித்தது.

“அம்மா, மெஷினை கேமராகிட்டக் கொண்டு வா. இன்னும் கிட்ட. முந்நூத்திப் பத்தா! அப்பா!”

“இருக்கேன் கண்ணு, இன்னும் இருக்கேன்.”

“விளையாடாதீங்கப்பா. அம்மா, எண்ணெயைப் பாதியாக் குறை. பொரிக்கறது, வறுக்கறது எல்லாம் இன்னையோட நிறுத்து. அப்பா காலையில நடக்கணும்.”

“டாக்டர்கிட்டக் காட்டிடலாமா?” என்று கேட்டாள் குச்சியக்கா, குத்தின விரலை உள்ளங்கைக்குள் மடக்கி வைத்துக்கொண்டு.

“டாக்டர் எதுக்கு?” என்றார் தச்சர். “அதான் டாக்டரையே பார்சல்ல அனுப்பியிருக்காளே.”

“முதல்ல வாயைக் கட்டிப் பார்க்கலாம்மா. வாரா வாரம் பாரு. இறங்கலைன்னா போகலாம்” என்றாள் மகள்.

*

வாரா வாரம் பார்த்தார்கள். அவர் சுவரைப் பார்ப்பார். அவர் விரலில் ரத்தம் வராது; வந்தால் எத்தனை காட்டுமோ என்ற பயம் வேறு. அவள் அதில் ஒப்புக்கு ஒருமுறை டிக் என்று வைத்துவிட்டு, ஊசியை மாற்றித் தன் விரலில் குத்திக்கொள்வாள்.

“இப்பெல்லாம் வலிக்கவே இல்லை குச்சி. உனக்குக் கை வந்துடுச்சு” என்று பாராட்டு வேறு கிடைத்தது.

எண் மட்டும் இறங்கவில்லை. முந்நூறுக்குக் கீழே எட்டிக்கூடப் பார்க்கவில்லை. எண்ணெய்க் குப்பி பரண்மேல் ஏறியது. தச்சரின் மத்தியானச் சாப்பாட்டு டப்பாவில் வேகவைத்த காய்கறி உட்கார்ந்தது. கூட வேலை செய்கிறவர்கள் டப்பாவைத் திறந்து பார்த்து, “வீட்டுல சண்டையா மேஸ்திரி?” என்று கேட்டார்களாம்.

“என் நாக்கு என்ன பாவம் பண்ணுச்சு? உருளைக்கிழங்கைத் தண்ணியில குளிப்பாட்டிக் கொண்டு வந்து வெக்கிறியே. அதுக்கே பிடிக்கலை பாரு, மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கிட்டு இருக்கு.”

“பேசாம சாப்பிடுங்க.”

“உப்பாவது போட்டியா?”

“போட்டேன். கண்ணால பார்த்தாத் தெரியாது. நாக்குல வெச்சாத் தெரியும்.”

வாயால் சமாளித்தாளே தவிர, அவர் தட்டைப் பார்க்கிறபோதெல்லாம் அவளுக்குப் பயம்தான் கூடியது. அவர் நாக்கைக் கட்டியும் இறங்காத ரத்தம் எப்படிப்பட்ட ரத்தமாக இருக்கும்! நடந்தும் இறங்காதது இனி எதில் இறங்கும்?

சலவைக்கூடத்தில் விரிப்பின் இந்த முனை அவளிடம் இருந்தால், அந்த முனை எப்போதும் அவள் தோழியிடம்தான் இருக்கும். இரண்டு பேரும் ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து வந்து மடிப்பைச் சேர்க்க வேண்டும். அன்று குச்சியக்கா பாதி வழியில் நின்றுவிட்டாள்.

“என்ன குச்சி, நடுவழியில இறங்கிட்ட? மூச்சு வாங்குதா?”

“நீராவிடீ.”

“அதே நீராவிதானே எனக்கும் அடிக்குது?”

“நீ வாயை மூடறதே இல்லை. எல்லாம் வெளிய போயிடுது.”

தோழி சிரித்தாள். பிறகு குனிந்து பார்த்தாள். “குதிகாலை ஏன் மேஜைக்காலோட தேய்ச்சுக்கிட்டே இருக்க?”

“பின்பக்கம் தடிச்சுக் கிடக்கு. நின்னு நின்னு வந்தது.”

“நானும்தான் நிக்கிறேன். எனக்கு ஏன் தடிக்கலை? ஒரு தடவை போய்க் காட்டேன்.”

“காட்ட வேண்டிய ஆளு நானில்லை. இவரை முதல்ல இழுத்துட்டுப் போகணும். எனக்கு என்ன, காத்தைச் சாப்பிட்டு வளர்ந்த உடம்பு.”

விரிப்பு மடிந்தது. அடுத்த விரிப்பு வந்தது.

*

ஊரில் பாதிப் பேர் வீட்டுச் சமையலறைக்குத் தச்சர்தான் அலமாரி செய்துகொடுத்தவர். சொந்த வீட்டு அலமாரிக்குக் கதவு கிடையாது. குடிவந்த நாளிலிருந்து ஒரு பழைய துணியைத் திரையாகத் தொங்கவிட்டிருந்தார்கள். “அடுத்த மாசம் மாட்டிடறேன்” என்பார். எந்த மாதத்துக்கு அடுத்த மாதம் என்று குச்சியக்காவும் கேட்பதை விட்டுவிட்டாள்.

ஒருநாள் சாயங்காலம் அவள் வேலை முடிந்து வந்தபோது திரை கீழே கிடந்தது. தச்சர் ஸ்டூல்மேல் நின்று கீல் முடுக்கிக்கொண்டிருந்தார். கீழ்த்தட்டுக் கதவுகள் பளபளவென்று மூடியிருந்தன.

“அட! சூரியன் எந்தப் பக்கம் உதிச்சுது இன்னைக்கு?”

“ஒரு இடத்துல பலகை மிச்சமாச்சு. சும்மா கிடக்கிறதுக்கு இங்க மாட்டலாமேன்னு.”

“இத்தனை வருஷமா மிச்சமாகாத பலகை!”

அவர் மேல்தட்டுக் கதவைத் திறந்து மூடிக் காட்டினார். விரலால் தொட்டாலே திறந்தது. “இதை மட்டும் லேசான பலகையில செஞ்சேன். கீலும் இழுவை இல்லாத கீல். நீ தனியா இருந்தாலும் கைக்குப் பாரமா இருக்காது.”

குச்சியக்கா கைப்பையைக் கீழே வைக்கவில்லை.

“தனியாவா? நீங்க எங்க போறீங்க?”

“எங்கயும் போகலை. ஒரு பேச்சுக்குச் சொன்னேன்.”

“ஒரு பேச்சுக்கு யாராவது இப்படிச் சொல்லுவாங்களா?”

ஸ்டூலிலிருந்து இறங்கி அதிலேயே உட்கார்ந்தார். உளியைத் துணியால் துடைத்தார். துடைத்ததையே மறுபடி துடைத்தார்.

“நீயும் பார்க்கறதானே குச்சி. எண்ணெயை விட்டேன். முட்டையை விட்டேன். விடியக்காலையில பேய் மாதிரி நடக்கறேன். நம்பர் இறங்க மாட்டேங்குது. என் ரத்தம் என் பேச்சையே கேக்க மாட்டேங்குது. போற நேரம் எப்பன்னு யாருக்குத் தெரியும்? பாதியில நிக்கிற வேலையை முடிச்சு வெச்சிடலாம்னுதான்.”

சொல்லிவிட வேண்டும் என்று அவளுக்கு நாக்கு நுனிவரை வந்தது. அது உங்க ரத்தமே இல்லைங்க. என் ரத்தம். வந்தது அங்கேயே நின்றது. சொன்னால் என்ன ஆகும்? குச்சி மாதிரி இருக்கிற இவளுக்கே முந்நூறு என்றால் தனக்கு எவ்வளவு என்று அவரும் கணக்குப் போட மாட்டாரா? போட்ட இடத்திலேயே உட்கார்ந்துவிட மாட்டாரா? முந்நூறுக்கே கதவு மாட்டுகிற மனுஷன்.

“நாளைக்கு டாக்டர்கிட்டப் போறோம்” என்றாள்.

“மெஷின் சொல்றதைத்தானே டாக்டரும் சொல்லப் போறாங்க?”

“சொல்லட்டும். மெஷினுக்கு நம்பர் சொல்லத்தான் தெரியும். என்ன பண்ணணும்னு சொல்ல வாய் கிடையாது. நீங்க வரலைன்னா நான் சாப்பிட மாட்டேன்.”

“நீ சாப்பிட்டாலும் சாப்பிடலைன்னாலும் பார்க்கிறதுக்கு ஒரே மாதிரிதானே இருப்ப?”

ஆனாலும் வந்தார்.

*

காலையில் ரத்தம் கொடுக்க வேண்டும், சாயங்காலம் டாக்டரைப் பார்க்க வேண்டும். லேபில் இருந்தவர் முழங்கை மடிப்பில் நரம்பைத் தடவிப் பார்த்து ஊசியை ஏற்றினார். தச்சர் சுவரைப் பார்த்தார். அந்தச் சுவரில் இதயத்தை இரண்டாகப் பிளந்து காட்டும் படம் ஒன்று மாட்டியிருந்தது. கண்ணை மூடிக்கொண்டார்.

“பெரியவர் குழந்தைங்களைவிட மோசமா இருக்காரேம்மா” என்றார் லேப்காரர்.

“ஊர்ல இருக்கற பலகையெல்லாம் அறுக்கற ஆளு” என்றாள் குச்சியக்கா.

அன்று பகல் முழுவதும் அவளுக்குக் கைகால் ஓடவில்லை. விரிப்பை மாற்றி மடித்துத் தோழியிடம் பேச்சு வாங்கினாள். சாயங்காலம் டாக்டரின் அறையில் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தபோது, நானூறு என்பார்களா, ஐந்நூறு என்பார்களா என்றுதான் மனசு அடித்துக்கொண்டது. அப்படி ஒரு எண் உண்டா என்றுகூட அவளுக்குத் தெரியாது.

டாக்டர் ஒரு பெண். மூக்குக்கண்ணாடியை நெற்றிமேல் ஏற்றி வைத்துக்கொண்டு பேசுகிறவர்.

“நூத்தி எண்பத்தெட்டு. ரொம்ப நல்லா இருக்கு. ரத்த அழுத்தம் மட்டும் கொஞ்சம் பார்த்துக்கணும். தொப்பையைக் குறைங்க. வேற ஒண்ணும் இல்லை.”

தச்சர் நாற்காலியில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்.

“டாக்டர், வேற யாரோடதையோ மாத்தி எடுத்துட்டீங்களா? நல்லாப் பாருங்க.”

“உங்க பேர்தான் போட்டிருக்கு. ஏன்?”

“வீட்டுல மெஷின் வெச்சிருக்கோம். ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை முந்நூறுக்கு மேலதான் காட்டுது.”

“போன ஞாயித்துக்கிழமையுமா?”

“முந்நூத்தி நாலு.”

டாக்டர் புருவத்தைச் சுருக்கினார். “வீட்டு மெஷின் கொஞ்சம் முன்ன பின்ன காட்டும். நூறுக்கு மேல வித்தியாசம் எப்படி வரும்? அதுவும் ஒவ்வொரு தடவையும்?”

தச்சருக்கு அதையெல்லாம் கேட்கக் காது இல்லை. முகத்தில் முதலில் ரத்தம் வந்தது, பிறகு சிரிப்பு வந்தது, பிறகு கண்ணில் தண்ணீர் வந்தது. “குச்சி, கேட்டியா? கேட்டியா? பாழாப்போன மெஷின்! என்னை உயிரோட புதைச்சுட்டுதே! வீட்டுக்குப் போன உடனே சுத்தியலை எடுத்து ஒரே போடு. அப்புறம் நீ என்ன பண்ற, பரண்மேல இருக்கிற எண்ணெயை இறக்கற.”

குச்சியக்காவின் உடம்பு முழுவதும் லேசாகிவிட்டது. அவருக்கு ஒன்றும் இல்லை. ஒன்றுமே இல்லை. இத்தனை நாள் வயிற்றுக்குள் உட்கார்ந்திருந்தது எழுந்து போய்விட்டது. எனக்கே இவ்வளவுன்னா, அவருக்கு எவ்வளவு என்ற பேச்சில் பின்பாதி உடைந்து விழுந்துவிட்டது. அது விழுந்த பிறகுதான் முன்பாதி அவள் காதில் கேட்டது.

எனக்கு இவ்வளவு.

அவள் எழுந்தாள். மெஷின் தலையில் பழியைப் போட்டுவிட்டு வெளியே போய்விடலாம். அவர் சந்தோஷமாக இருக்கிறார். இத்தனை நாள் தன் ரத்தத்துக்காக அவர் நாக்கைக் கட்டினதையும், அவரைக் கதவு மாட்ட வைத்ததையும் எந்த முகத்தோடு சொல்வது?

“நீங்க கொஞ்சம் உட்காருங்கம்மா” என்றார் டாக்டர். நெற்றியிலிருந்த கண்ணாடியை இறக்கி மாட்டிக்கொண்டார். “இந்தப் பக்கம் திரும்புங்க. ஜன்னலைப் பாருங்க. கண்ணை நல்லாத் திறந்து பாருங்க. இந்த வளையம் எப்பவிருந்து இருக்கு?”

“அதுவா டாக்டர்? அது எங்க வீட்டு அடையாளம். நிலாக்கண்ணுன்னு சொல்லுவோம். எங்கம்மாவுக்கும் இருந்துது. எங்க அண்ணனுக்கும்.”

“உங்களுக்கு என்ன வயசு?”

“வர்ற வருஷம் ஐம்பது.”

“அண்ணன் எப்படி இருக்கார்?”

“இல்லைங்க டாக்டர். நாற்பதுகூட ஆகலை. வேலைக்குக் கிளம்பினார். செருப்பு மாட்டறதுக்குக் குனிஞ்சவர் நிமிரவே இல்லை.”

“அம்மா?”

“அம்மா சாப்பிட்டுட்டுப் படுத்தாங்க. எழுந்திருக்கலை. நல்ல சாவுன்னு எல்லாரும் சொன்னாங்க.”

டாக்டர் எழுந்து வந்து, செருப்பைக் கழற்றச் சொல்லி, குதிகாலுக்குப் பின்னால் விரலை வைத்து அழுத்திப் பார்த்தார். தடிப்பு அவர் விரலுக்கடியில் உருண்டது.

“நின்னு வேலை பார்க்கறது டாக்டர். அதனால வந்தது.”

“மாடி ஏறினா மூச்சு வாங்குமா?”

“நீராவியில நிக்கிறேனா, அது...” என்று ஆரம்பித்தவள் முடிக்கவில்லை. தோழியும் அதே நீராவியில்தான் நிற்கிறாள்.

“நீங்க எப்பவாவது கொலஸ்ட்ரால் பார்த்திருக்கீங்களா?”

தச்சர்தான் முந்திக்கொண்டார். “இவளுக்கு எதுக்கு டாக்டர்? ஆளைப் பாருங்க. கொடியில காயப்போட்டா காத்துல பறந்துடுவா.”

“பார்த்திருக்கேன்” என்றாள் குச்சியக்கா.

“எப்போ?”

“ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை.”

தச்சர் அவளைப் பார்த்தார். பிறகு தன் விரலைப் பார்த்தார்.

“என் விரல்லதானே குத்தின?”

“குத்தினேன். வரலை. நீங்க வேர்த்து விறுவிறுத்துப் போனீங்க. அவ போன் பண்ற நேரம். ஒரே சட்டியில சாப்பிடறோம், யாரோடதா இருந்தா என்னன்னு...”

“ஒவ்வொரு வாரமுமா?”

“நீங்க சுவரையே பார்த்துட்டு இருந்தீங்க.”

“அப்ப அந்த முந்நூறு...”

“என்னோடது. எனக்கே இவ்வளவுன்னா உங்களுக்கு எவ்வளவு இருக்கும்னுதாங்க பயந்தேன். வேற எதுவும் எனக்குத் தோணவே இல்லை.”

“அந்த மெஷின்...” என்றார் தச்சர்.

“மெஷினைத் திட்டாதீங்க” என்றார் டாக்டர். “அது வாரா வாரம் உண்மையைத்தான் சொல்லியிருக்கு. யாரைப் பத்திச் சொல்றோம்னு அதுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.”

பிறகு நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு நிதானமாகச் சொன்னார். இது சட்டியிலிருந்து வருவது அல்ல, பிறக்கும்போதே ரத்தத்தோடு வருவது. ஒல்லி, குண்டு எல்லாம் இதற்குக் கணக்கில்லை. எண்ணெயைக் குறைத்தால் கொஞ்சம் அசையும், இறங்காது. மாத்திரை வேண்டும், விடாமல் வேண்டும். இதயத்தையும் ஒருமுறை சோதித்துப் பார்த்துவிட வேண்டும். வயதானவர்களுக்குக் கண்ணில் வளையம் வருவது சகஜம். ஐம்பதுக்கு முன்னால், அதுவும் குதிகால் தடிப்போடு வந்தால் அது அழகு இல்லை.

“எனக்கு இப்ப ஒண்ணும் ஆகலையே டாக்டர்?”

“ஆகறதுக்கு முன்னாடி வந்திருக்கீங்கன்னு நினைக்கிறேன். உங்க ரத்தத்தையும் நாங்க ஒரு தடவை பார்த்துட்டு உறுதியாச் சொல்றேன். சாப்பிட்டிருந்தாலும் பரவாயில்லை, இப்பவே கொடுங்க.” எழுதிக்கொண்டே கேட்டார். “பிள்ளைங்க எத்தனை?”

“ஒரே பொண்ணு.”

டாக்டர் பேனாவை வைத்தார். “அவங்களுக்கும் பார்க்கணும்மா. வந்திருக்கலாம், வராமலும் இருக்கலாம். பாதிக்குப் பாதி.”

அதுவரை நேராக உட்கார்ந்திருந்த குச்சியக்கா அப்போதுதான் நாற்காலியின் கைப்பிடியைப் பற்றிக்கொண்டாள்.

வெளியே லேபுக்குப் போகும் நடையில் தச்சர் அவளுக்கு இரண்டடி பின்னால் நடந்து வந்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். திட்டினால்கூடத் தேவலை.

“மேல்தட்டுக் கதவை லேசான பலகையில செஞ்சேன்” என்றார். “நீ தனியா இருப்பேன்னு.”

அவள் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.

லேப்காரர் சிரித்துக்கொண்டே நிமிர்ந்தார். “பெரியவர் மறுபடியும் வந்துட்டாரா?”

“இந்தத் தடவை இவளுக்கு” என்றார் தச்சர். அவள் சட்டைக்கையை ஏற்றிவிட்டு, இன்னொரு கையைத் தன் கைக்குள் எடுத்துக்கொண்டார். மெத்தென்று இருந்தது அவள் விரல். நுனியில் புள்ளி புள்ளியாக ஊசித் தடம்.

“சுவரைப் பாருங்க. தலை சுத்தும் உங்களுக்கு” என்றாள் அவள்.

“சுத்தட்டும்.”

ஊசி ஏறியது. குழாயில் ரத்தம் நிரம்பும்வரை அவர் முகம் வெளுத்துக்கொண்டே போயிற்று. ஆனால் திரும்பவில்லை.

*

ரிசல்ட் வந்தது. மெஷின் சொன்னதைவிடக் கொஞ்சம் கூடவே இருந்தது. மாத்திரை ஆரம்பித்தாயிற்று. இதயச் சோதனைக்கு நாள் குறித்துக் கொடுத்திருந்தார்கள். எண்ணெய்க் குப்பியைப் பரணிலிருந்து இறக்க வந்தவளைத் தச்சரே தடுத்துவிட்டார். “இருக்கட்டும். வேகவெச்ச உருளைக்கிழங்கும் பழகிடுச்சு. உனக்கு எது உண்டோ அதுதான் எனக்கும்.” விளையாட்டாகத்தான் சொன்னார். குரல் மட்டும் விளையாட்டாக இல்லை.

ஞாயிற்றுக்கிழமை போன் அடித்தது. எப்போதும் கேமராவுக்கு நேரே மெஷினைப் பிடிக்கிற குச்சியக்கா இன்று போனைச் சர்க்கரை டப்பாமேல் சாய்த்து வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

“அம்மா, மெஷின் எங்க? நம்பர் என்ன?”

“அப்பாவுக்கு ஒண்ணும் இல்லை. நல்லா இருக்கார். டாக்டரே சொல்லிட்டாங்க.”

“நிஜமாவா? அப்ப அந்த நம்பரெல்லாம்?”

“சொல்றேன். அதுக்கு முன்னாடி நீ கொஞ்சம் வெளிச்சத்துக்கு வா.”

“எதுக்கும்மா?”

“வாயேன். ஜன்னல் பக்கம் திரும்பு. கண்ணை நல்லாத் திற.”

“என்னம்மா இது? தூசி விழுந்தா பார்க்கற மாதிரி!” என்று சிரித்துக்கொண்டே மகள் போனை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்தாள். “உன் நிலாக்கண்ணு எனக்கு வந்துடுச்சான்னு பார்க்கறியா? இன்னும் முப்பது ஆகலைம்மா. வரும் வரும், எங்க போயிடப் போகுது?”

குச்சியக்கா மேஜைமேல் குனிந்தாள். அவள் தோளுக்குமேல் தச்சரும் குனிந்தார். கருவிழி தெரிந்தது. அதில் ஜன்னல் தெரிந்தது. விளிம்பில் வெளுப்பாக ஏதோ இருந்த மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. படம் ஒருமுறை நின்று, கட்டம் கட்டமாக உடைந்து, மறுபடி ஓடியது.

“இருக்காம்மா?”

“தெரியலைடா கண்ணு. போன்ல தெரியலை.”

“அவ்வளவுதானே? இங்க நானும் ஒரு மெஷின் வாங்கிப் பார்த்துக்கறேன், எதைப் பார்க்கணும்னு சொல்லு.”

“மெஷின் வேணாம்” என்றாள் குச்சியக்கா. “நாளைக்குக் காலையில டாக்டர்கிட்டப் போ. நீயே நேர்ல போ. எங்க அம்மா எப்படிப் போனாங்க, உன் மாமா எப்படிப் போனார், எல்லாம் சொல்றேன், அதை அவங்ககிட்டச் சொல்லு. உன் கண்ணை அவங்க பார்க்கட்டும்.”

மகளின் சிரிப்பு மெல்ல நின்றது. “அம்மா, என்ன ஆச்சு?”

“சொல்றேன். உட்காரு.”